காய்ப்புழுவின் இரண்டாவது ஜீன்

திண்டுக்கல்லில் நாங்கள் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில் விலங்கியல் துறைக்கும் என்னுடைய தாவரவியல் துறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அமலராணி புழு வளர்த்தாள். காலையில் முதல் வகுப்புக்கு நான் போகும்போதே கொண்டைக்கடலை மாவு வேகிற வாசனை வராண்டா முழுக்க அடிக்கும். ஹாஸ்டல் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன மிஸ், இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். விசேஷம் ஒன்றும் இல்லை. அது புழுக்களுக்கான சாப்பாடு.

பருத்திக் காயைத் துளைக்கிற பச்சைப்புழு அது. பருத்தி இல்லாவிட்டால் தக்காளி, தக்காளி இல்லாவிட்டால் கடலை என்று எதையும் விடாது. ஒரு டப்பாவில் இரண்டைச் சேர்த்து விட்டால் சாயங்காலத்துக்குள் ஒன்றுதான் மிஞ்சும். மற்றது அதன் வயிற்றுக்குள் போயிருக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குப்பி. தெரிந்த நர்ஸுகளிடமெல்லாம் சொல்லிவைத்துக் காலியான ஊசிமருந்துக் குப்பிகளாக வாங்கிக் குவித்திருந்தாள். அவற்றைக் கொதிக்க வைத்துக் காயப்போட்டு, வெந்த மாவை அடியில் ஊற்றி, ஒரு புழுவை விட்டுப் பஞ்சால் அடைப்பாள். சுவர் அலமாரி முழுவதும் வரிசை வரிசையாகக் குப்பிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒன்று மென்றுகொண்டிருக்கும்.

அமலராணிக்கு ஊர் கன்னிவாடிப் பக்கம், மலையடிவாரத்தில். நாலைந்து ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு கிணறு. அப்பா ஆரோக்கியதாஸ் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன் இஞ்ஞாசி எட்டாவதோடு நின்று நிலத்தைப் பார்த்தான். அவள் எம்.எஸ்ஸி. முடித்து எங்கள் கல்லூரிக்கு வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சு வந்தபோதெல்லாம் பருத்தி சரியில்லாத வருஷமாக இருந்தது. பிறகு பேச்சு வருவது நின்றுவிட்டது. வாரம் முழுக்க டவுனில் வாடகை அறை, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் காட்டுக்குப் போயிருக்கிறாள். இஞ்ஞாசி ஒரு காயை உரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறான். உள்ளே கொழுத்த புழு.

"ஏத்தா ராணி, நீ பூச்சி பத்தித்தான படிச்ச? இம்புட்டு மருந்து அடிச்சும் இது ஏன் சாக மாட்டேங்குது?"

"பாத்துச் சொல்றேண்ணே" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் மதுரையில் பேராசிரியர் ஞானதாஸிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். அவள் எடுத்துக்கொண்ட விஷயத்தை எனக்கு அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நரம்பில் ஒரு சேதி ஓடினால், போதும் நில் என்று சொல்லவும் ஏதாவது வேண்டும். அப்படிச் சொல்கிற ரசாயனத்துக்குக் காபா என்று பேர். அது வந்து உட்காருவதற்கென்று நரம்பில் ஓர் இடம் உண்டு. அதை ஏற்பி என்பார்கள். காபா உட்கார்ந்ததும் அந்த ஏற்பியில் ஒரு துளை திறக்கும், நரம்பு அடங்கும். அவள் அண்ணன் அடித்த எண்டோசல்பான் அந்தத் துளையை அடைத்துவிடும். நரம்பு அடங்க முடியாமல் துடித்துத் துடித்தே புழு செத்துப்போகும். வெளிநாட்டில் பழ ஈயில் பார்த்திருந்தார்கள்: அந்த ஏற்பியைச் செய்கிற ஜீனில் ஒரே ஓர் இடத்தில் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. ஈ பிழைத்துக்கொள்ளும்.

"நம்ம காய்ப்புழுவுல அந்த ஜீனை யாரும் எடுத்துப் பாத்த மாதிரித் தெரியல அஜீஸ்" என்றாள் என்னிடம். என் பேரை அப்படிச் சுருக்கித்தான் கூப்பிடுவாள். "எடுத்துட்டா, எந்தக் காட்டுப் புழு சாகும், எது சாகாதுன்னு முன்னாலயே சொல்லிறலாம். சாகாத புழுவுக்கு எதுக்கு மருந்து அடிக்கணும்? அண்ணனுக்குச் செலவு மிச்சம், உடம்புக்கும் நல்லது."

அவள் பேசி நான் கேட்டதிலேயே நம்பிக்கையான பேச்சு அதுதான்.

புழுவின் மூளை கடுகில் பாதிகூட இருக்காது. மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தலையைப் பிளந்து அதை எடுக்க வேண்டும். எடுத்த நிமிஷமே உறைய வைக்க வேண்டும். விரலில் இருக்கிற வேர்வை பட்டால்கூட அதற்குள் இருக்கிற ஆர்.என்.ஏ., அதாவது அந்த ஜீனின் நகல், சிதைந்துவிடும். எங்கள் கல்லூரியில் இருந்தது சாதாரண ஃபிரிட்ஜ். அதுவும் கரண்ட் இருந்தால்தான். முதல் வருஷம் எடுத்த மூளையெல்லாம் மதுரைக்குப் போய்ச் சேர்வதற்குள் வெறும் அழுக்குத் தண்ணீராகிவிட்டது.

வழி காட்டியவர் மாட்டாஸ்பத்திரியில் இருந்த முருகேசன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். விந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் ஊற்றிய பெரிய கேனில் வைத்திருப்பார். அமலராணி போய்க் கொஞ்சம் நைட்ரஜன் கேட்டபோது நானும் கூட இருந்தேன்.

"எதுக்குங்க மேடம்?"

"புழுவோட மூளையைக் கெடாம வைக்கணும்."

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி அவளைப் பார்த்தார். "புழுவுக்கு மூளை இருக்கா மேடம்?"

"இருக்கு. நம்ம மூளைல இருக்கிற பல சாமானும் அதுலயும் இருக்கு."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, அவள் நீட்டிய ஃபிளாஸ்கில் புகையப் புகைய ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் காரணம் கேட்டதே இல்லை.

அந்த ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் மதுரைக்கு பஸ்ஸில் போவாள். மூடி இறுக்கமாக இருக்கக் கூடாது, இருந்தால் வெடித்துவிடும். அதனால் ஓரத்தில் வெள்ளையாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஒருமுறை கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி அவளைக் கொடைரோட்டில் இறக்கிவிட்டார். கோயம்புத்தூரில் குண்டு வெடித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஃபிளாஸ்க் காலி.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த வேலை முடிவில் ஒரு ஜெல்லில்தான் தெரியும். ஜீன் கிடைத்திருந்தால் ஊதா வெளிச்சத்தில் ஒரு கோடு மின்னும். அவளுக்கு ஒவ்வொரு முறையும் வெறும் ஜெல். பிறகு ஒரு சாயங்காலம், பேகம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மதுரையிலிருந்து நேராக வந்திருந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே அடுப்படி வரை வந்துவிட்டாள்.

"அஜீஸ், வந்திருச்சு."

"என்னது?"

"கோடு. கோடு வந்திருச்சு."

என் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ நல்ல சேதி என்று மட்டும் புரிந்து, சர்க்கரையை அள்ளி அவள் வாயில் போட்டார். அன்று அவள் சிரித்த மாதிரி அப்புறம் நான் பார்க்கவில்லை.

அந்தத் துண்டைப் பெங்களூருக்கு அனுப்பி எழுத்துகளைப் படித்து வாங்கினாள். வந்தது ஒன்றல்ல, இரண்டு. பெரும்பாலும் ஒரே மாதிரி, ஆனால் ஒன்றல்ல. முக்கியமான அந்த ஓர் இடத்தில் ஒன்றில் பழைய எழுத்து, அதாவது மருந்து ஒட்டுகிற வகை. இன்னொன்றில் மாறிய எழுத்து, மருந்து ஒட்டாத ஈக்களில் இருந்த மாதிரி. ஊர்க்காட்டுப் புழுவில் மட்டும் அப்படி இருந்தால் கொண்டாடியிருக்கலாம். மருந்தே காட்டாமல் தலைமுறை தலைமுறையாகக் குப்பியில் வளர்த்த புழுவிலும், ஒரு சொட்டு மருந்தில் சாகிற புழுவிலும், இரண்டுமே இருந்தன.

ஞானதாஸ் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் இருந்தது. காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார் என்று அமலராணி சொன்னாள்.

"ரெண்டு எப்படிம்மா இருக்கும்? ஈக்கு ஒன்னுதானே."

"தெரியல சார். எந்தப் புழுவை எடுத்தாலும் ரெண்டும் வருது."

"அப்ப எங்கேயோ கலந்துபோச்சு. ஒரு புழுவோடது இன்னொன்னுல கலந்திருக்கு. திரும்பச் செய்."

திரும்பச் செய்தாள். பிபெட் நுனிகளை மாற்றினாள், மேஜையை மாற்றினாள், சோதனை செய்கிற அறையையே மாற்றினாள். புழுவை முட்டையிலிருந்து புதிதாக வளர்த்தாள். இரண்டும் வந்தன. இரண்டையும் வைத்து ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார்கள். கலப்படத்தைக் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று இரண்டே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குமே இரண்டு ஜீன் என்பதை நம்பப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. பிறக்கும்போதே எல்லாப் புழுவிலும் இரண்டு வகையும் இருக்கும் என்றால், எது சாகும் எது சாகாது என்று அந்த ஜீனைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அண்ணனிடம் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது.

இஞ்ஞாசி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காத்திருக்க முடியாது. புழு காத்திருக்காதே. தொண்ணூற்றொன்பதில் பருத்தி நன்றாகக் காய்த்திருந்தது. புழுவும் அப்படியே. ஒரு மருந்து கேட்காவிட்டால் இரண்டைக் கலந்து அடிப்பது, அளவைக் கூட்டுவது என்று எல்லாரும் செய்ததை அவனும் செய்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் கல்லூரி ஆபீஸுக்கு போன் வந்தது. பரீட்சை அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டு வந்தார்கள். அண்ணன் காட்டில் விழுந்துவிட்டான், டெம்போவில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று சேதி. நானும் அவளோடு ஆட்டோவில் ஏறினேன்.

டெம்போ எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. அண்ணன் மனைவி செபஸ்தியம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் சேலையெல்லாம் மருந்து வாசனை.

"முதுகுல டேங்க் ஒழுகுச்சு ராணி. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. எறக்கி வச்சுட்டு வாங்கன்னேன். இந்தப் பாத்திய முடிச்சுட்டு வாரேன்னாரு. செத்த நேரத்துல செடிக்கு நடுவுல கெடந்து வெட்டி வெட்டி இழுக்குது. வாயெல்லாம் நொரை."

டாக்டர் என்ன மருந்து என்று கேட்டார். அமலராணி சொன்னாள். டப்பா பேர் இல்லை, ரசாயனத்தின் பேர். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சிருக்குமேம்மா உங்களுக்கு. இதுக்குன்னு முறிவு மருந்து கிடையாது. வலிப்பை அடக்கிப் பாக்கலாம். அவ்வளவுதான்."

"தெரியும் சார்" என்றாள்.

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இஞ்ஞாசியின் கைகால் இழுப்பு குறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி ஊசி. நாங்கள் வெளியே சுவரோரமாக நின்றோம். அவள் அழவில்லை. வகுப்பு எடுக்கிற குரலில் எனக்குச் சொன்னாள்.

"அந்த ஊசி என்ன செய்யுதுன்னு தெரியுமா அஜீஸ்? அதே ஏற்பிதான். காபா உக்காரும்போது துளை நல்லாத் திறக்கட்டும்னு தூண்டி விடுது. மருந்து அடைக்குது, ஊசி திறக்குது. புழுவுல நான் தேடுறேனே, அதே சாதிதான் அண்ணன் தலைக்குள்ளயும் இருக்கு. புழு தப்பிச்சுக்கிருச்சு. அண்ணனுக்குத் தப்பிக்க ஒன்னும் இல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

இஞ்ஞாசி சாகவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டான். வலிப்பு மட்டும் அவனோடு வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் வாரத்துக்கு ஒரு தடவை. தினமும் மாத்திரை. மாத்திரை தின்றால் தூக்கம், தின்னாவிட்டால் வலிப்பு. சைக்கிள் ஓட்டக் கூடாது, கிணற்றுப் பக்கம் தனியாகப் போகக் கூடாது, அடுப்புக்குக் கிட்ட உட்காரக் கூடாது. பேச்சு நடுவில் சாமான்களின் பேர் மறந்துபோகும். மண்வெட்டியை, "அந்த இது, மண்ணு வெட்டுறது" என்பான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். எடுத்தவன் அதே புழுவுக்கு அதே மருந்தை அடித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளோடு ஊருக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். செபஸ்தியம்மாள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ படிக்கிற படிப்புல இவருக்கு ஆகுற மாதிரி ஒன்னும் இல்லையா ராணி?"

"இல்ல மதினி."

"இந்த வலிப்பு எதனால வருதுன்னு தெரியும்ல ஒனக்கு?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சும் ஒன்னும் பண்ண முடியாதா?"

கட்டிலில் படுத்திருந்த இஞ்ஞாசிதான் தலையைத் தூக்கினான். "அவளை எதுக்கு நோண்டுற? அவ புழுவுக்குப் படிக்கிறா, மனுசனுக்கா?" என்றான். பிறகு தங்கச்சியைப் பார்த்து, "என்னாச்சு, சொல்றேன்னியே, ஏன் சாகலன்னு?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் வந்து கேட்டான்.

"இன்னும் தெரியலண்ணே."

"சரி, பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆராய்ச்சியை முடிக்கக் கொடுத்திருந்த காலம் தீரப் போனது. ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. ஞானதாஸ் ஓய்வு பெறப் போகிறார். அவர் கெஞ்சுகிற மாதிரியே சொன்னார்: முதல் ஜீனை மட்டும் வைத்து ஆய்வேட்டைக் கொடுத்துவிடு, இரண்டாவதைப் பற்றி மூச்சு விடாதே, வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் கலப்படம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போய்விடும். அவள் சில வாரம் யோசித்தாள். வீட்டில் மாத்திரை வாங்க, அண்ணன் மகள் அனிஷாவைப் படிக்கவைக்க அவள் ஒருத்திதான். டாக்டர் பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் அவள் இடம் நிச்சயமில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில்தான் ஆய்வேட்டை அடித்தாள். நான் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம், இரண்டாவது ஜீன் பற்றிய பக்கத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுலேர்ந்து அடுத்த தலைப்பு வரைக்கும் எடுத்திரும்மா."

"எல்லாத்தையுமா மிஸ்? பக்க நம்பர் பூரா மாறிப்போகும்."

"மாறட்டும்."

வாய்மொழித் தேர்வு இரண்டாயிரத்து இரண்டில் நடந்தது. இஞ்ஞாசி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செபஸ்தியம்மாளோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதான மனிதர், சாந்தமாகப் பேசுகிறவர். எல்லாம் நன்றாகவே போயிற்று. எழுந்திருக்கப் போகும்போது, போகிற போக்கில் கேட்பது மாதிரி ஒன்று கேட்டார்.

"அந்துப்பூச்சி இனத்துல இந்த ஏற்பிக்கு ஒரு ஜீனுக்கு மேல இருக்க வாய்ப்பு உண்டாம்மா?"

ஞானதாஸ் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் ஒன்னுதான் சார் தெரிஞ்சிருக்கு" என்றாள் அமலராணி.

"ஓ, சரி சரி" என்றார் அவர். எல்லாரும் கை தட்டினோம். இஞ்ஞாசிதான் கடைசி வரை தட்டிக்கொண்டிருந்தான்.

பட்டம் வந்தது. அதே சமயத்தில் புழு தின்னாத பருத்தி என்று புது விதையும் வந்தது. காய்ப்புழுவைப் பற்றி மேலே ஆராய அவள் போட்ட விண்ணப்பங்கள் இரண்டு முறை திரும்பி வந்தன. புழுவுக்குத்தான் விதையே வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். கன்னிவாடிப் பக்கமும் பருத்தி குறைந்து தக்காளி, மக்காச்சோளம் என்று மாறிக்கொண்டிருந்தது. ஒரு கோடை விடுமுறையில் அவள் குப்பிகளையெல்லாம் கழுவி அட்டைப்பெட்டியில் கட்டினாள். அந்த அறையைத் தேர்வு விடைத்தாள் அடுக்க எடுத்துக்கொண்டார்கள். கடலை மாவு வாசனை போக ரொம்ப நாளாயிற்று.

இஞ்ஞாசி இரண்டாயிரத்து ஐந்தில் இறந்தான். மோட்டார் ரூமுக்குப் பக்கத்துத் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தான். செபஸ்தியம்மாள் பக்கத்திலேயே இருந்தவள் துண்டு எடுக்க வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது அவன் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்தான். தொட்டியில் முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. அடக்கத்தன்று அமலராணி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மாத்திரை போடாம இருந்திருக்கு. தூக்கம் வருதுன்னு ரெண்டு நாளா ஒளிச்சு வச்சிருக்கு."

அதற்கு நாலு வருஷம் கழித்து, கல்லூரி ஆசிரியர்களுக்கான ஒரு புத்தாக்கப் பயிற்சிக்கு மதுரைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஜீன்களின் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் தேடுவது எப்படி என்று ஓர் இளம் ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுக்கப் படித்த ஜீன்களெல்லாம் ஓர் இடத்தில் கிடக்கின்றன. உங்களிடம் ஒரு துண்டு இருந்தால் போட்டுப் பாருங்கள், அது எதோடு பொருந்துகிறது என்று அதுவே சொல்லும் என்றார். எல்லாரும் அவர் கொடுத்த மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தோம். அமலராணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள். முன்னால் காகிதம் எதுவும் இல்லை. எத்தனையோ வருஷம் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருந்த அந்த இரண்டாவது ஜீனின் நடுப்பகுதி.

பதில் வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டுப்பூச்சியின் ஜீன்கள் முழுவதையும் அதற்குள் படித்து முடித்திருந்தார்கள். காபா ஏற்பிக்குப் பட்டுப்பூச்சியில் ஒன்றுக்கு மேல் ஜீன் இருந்தது. அவளுடைய இரண்டாவது, அதில் ஒன்றோடு அச்சாகப் பொருந்தியது. மாறிய எழுத்து இருந்த இடத்தில் அங்கேயும் அதே எழுத்து.

நான் அவள் தோளைத் தொட்டேன். "ராணி, இது..."

"ரெண்டு இருந்துருக்கு அஜீஸ்" என்றாள். "கலக்கவே இல்ல. ரெண்டு இருந்துருக்கு."

இளம் ஆசிரியை எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, "வெரி குட் மேடம், கரெக்டா வந்திருக்கு. அடுத்த பயிற்சிக்குப் போங்க" என்றார்.

டீ இடைவேளையில் வெளியே வந்து ஞானதாஸுக்கு போன் போட்டாள். அவர் ஓய்வு பெற்று மகன் பிராங்கிளினோடு திருச்சியில் இருந்தார். காது சரியாகக் கேட்காததால் அவர் சத்தமாகப் பேசினார், எனக்கே கேட்டது.

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு, ரெண்டு இருக்கலாமோன்னு."

"அப்படியா சார்" என்றாள் அமலராணி. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தாள்.

பல்கலைக்கழகத்தில் போய், ஆய்வேட்டில் ஒரு திருத்தம் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். பட்டம் கொடுத்த பிறகு அப்படி வழி இல்லை என்றார்கள். கட்டுரையாக எழுது என்று நான் சொன்னேன். எழுதுவதற்கு அவளிடம் புழு இல்லை, உறைய வைத்த மூளை இல்லை, ஜெல்லின் படங்கள் மஞ்சளாகிப் போயிருந்தன. மனப்பாடத்தை யார் அச்சிடுவார்கள்? கொஞ்ச நாளில் வேறு வேறு அந்துப்பூச்சிகளில் அந்த ஜீன்களைப் பற்றிக் கட்டுரைகள் வரத் தொடங்கின. சீனாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும். ஒன்றிரண்டை அவள் பிரிண்ட் எடுத்துப் படித்தாள். நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் அவளோடு கன்னிவாடிக்குப் போனேன். வீட்டில் செபஸ்தியம்மாள் இல்லை. குத்தகைக்கு விட்டிருந்த அவர்களுடைய காட்டிலேயே கூலிக்குப் போயிருந்தாள். தக்காளிக்கு மருந்தடிப்பு. டேங்கைச் சுமந்து அடிப்பது ஆண்கள். தண்ணீர் சுமந்து மருந்து கலக்கிக் கொடுப்பது இவள். வரப்பில் டிரம் இருந்தது. செபஸ்தியம்மாள் முழங்கை வரை உள்ளே விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"குச்சி எடுத்துக் கலக்கக் கூடாதா மதினி?" என்று கேட்டாள் அமலராணி.

"குச்சியில கலக்குனா அடியில தங்கிருது. இது புது மருந்து ராணி. மனுசனுக்கு ஒன்னும் பண்ணாதாம்."

"யாரு சொன்னா?"

"கடைக்காரருதான்."

அமலராணி வரப்பில் கிடந்த காலி டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அது வேறொரு ஏற்பியில் போய் உட்காருகிற மருந்து. திரும்பி வரும்போது என்னிடம் அதன் பேரைச் சொன்னாள். அது நம் நரம்பிலும் எங்கே போகும் என்று சொன்னாள். அப்போது அங்கே அதையெல்லாம் சொல்லவில்லை. டப்பாவைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினாள்.

"கையை நீட்டுங்க மதினி. கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

செபஸ்தியம்மாள் கையை நீட்டினாள். அமலராணி குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். காட்டில் சோப்பு இல்லை. செபஸ்தியம்மாள் கொஞ்சம் மண்ணை அள்ளித் தேய்த்துக் கழுவிக்கொண்டாள்.